தேயாத டயரும் மூப்படையும்

வண்டியின் டயர் தேய்ந்துவிட்டால் அதை மாற்றவேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். தேயாத டயரையும் மாற்றவேண்டிய காலம் ஒன்று உண்டு என்பதை அறிந்தவர்கள் நம்மில் சிலரே. இந்த வாரம் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு போதகர் டயரைப் பற்றி எழுதுவதா என்று உங்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறி அமரும் வண்டியைப் பற்றிய செய்தி, போதகனுக்குப் புறம்பான செய்தி ஆகாது.

நம் பகுதியில் பழைய கார்களை அன்போடு பாதுகாத்து வரும் குடும்பங்கள் சில உண்டு. பாட்டனார் வாங்கிய அம்பாசிடர், மருத்துவராயிருந்த தந்தை ஊர் ஊராய் ஓட்டிச் சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மிஷனரி ஒருவர் விட்டுச்சென்ற மாரிஸ் மைனர், ஃபியட் என்று இவை கொட்டகைகளில் துணி போர்த்தி நிற்கின்றன. கிறிஸ்துமஸ் காலத்திலும், திருமண நாளிலும், அசன விருந்தின்போதும் வெளியே வருகின்றன. மற்ற நாள்களில் அசைவதில்லை. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்வதற்கு மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு விதிகளை வகுத்த பிறகு, இவற்றின்மேல் இளைஞர்களுக்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். முன்னோரின் உழைப்பை மதிக்கும் பிள்ளைகளைக் காண யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது?

இவ்வண்டிகளின் உரிமையாளர்கள் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். குரோமியத் தகடுகளைப் பளபளவென்று துடைக்கிறார்கள். இருக்கை உறையைத் தைத்து மாற்றுகிறார்கள். டயரைப் பார்க்கும்போது மட்டும் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: பட்டன் தேய்ந்திருக்கிறதா? ஆண்டுக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் பட்டன் எப்படித் தேயும்? பதினைந்து ஆண்டுகள் கழிந்தாலும் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். பார்த்தவுடன் புதிய டயர் என்றே தோன்றும். தேய்மானம் ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவதற்கு அதுவே போதும்.

ரப்பர் எவ்வாறு மூப்படைகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. மரத்திலிருந்து வடியும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அதன் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, இழுத்தால் நீளவும் விட்டால் மீளவும் கூடிய பொருளாகும் என்பதைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயர் 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை நாம் இவ்விருவரின் வழியிலேயே உருண்டுகொண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பிணைப்புகள் தொழிற்சாலையில் உண்டானவுடன் நின்றுவிடுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரோடு ஓயாமல் வினைபுரிகிறது. சில பிணைப்புகள் அறுகின்றன. வேண்டாத புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் நெகிழ்வை இழந்து இறுகுகிறது. இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றிக்கொள்ளாது. வளையவேண்டிய இடத்தில் வளையாமல் வெடிக்கும்.

இந்த வினை வெளிப்புறத்தில் மட்டும் நிகழ்வதில்லை. டயருக்குள் அழுத்தத்தோடு அடைக்கப்பட்ட காற்றும் உட்புறமிருந்து ரப்பருக்குள் மெல்ல ஊடுருவுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பக்கம் ஓரளவு நன்றாக இருக்கையிலேயே, கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியில், நூலடுக்குகளும் ரப்பரும் ஒட்டியிருக்கும் இடத்தில், பிடிப்புத் தளரத் தொடங்கிவிடுகிறது. ரேடியல் டயராயின் எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் அந்தத் தளர்ச்சி தொடங்கும். பழைய வகை நைலான் டயராயின் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிரிவு உண்டாகும். வேகமும் வெப்பமும் சுமையும் ஒன்றுசேரும் நாளில், பட்டன் பகுதி முழுவதும் உரிந்து வரும். அல்லது டயர் வெடிக்கும்.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. ஓசோன் என்னும் வாயு ரப்பரைப் பிளக்கும் தன்மையுடையது. அதைத் தடுக்க டயரைச் செய்கிறவர்கள் ரப்பர்க் கலவையில் சில காப்புப் பொருள்களையும் மெழுகையும் சேர்க்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் வளைந்து நெளிகிறது. அந்த அசைவினால் அந்தக் காப்புப் பொருள்கள் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படலம்போல் மூடுகின்றன. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியிலோ அவை மேலே வருவது குறைந்துபோகிறது. மேற்பரப்பு காப்பில்லாமல் நிற்கிறது. மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. ஓடாமல் வைத்தால் டயர் பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அசையாமல் நிற்பதே அதற்கு ஒரு கேடு.

வெப்பம் இவை எல்லாவற்றையும் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, டயர்களின் மூப்பை ஆராய முற்பட்டபோது, அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஓடிய டயர்களைத் தேடிச் சேகரித்ததற்கும் அந்நகரின் கடும் வெயிலே காரணம். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலை அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைபோட்ட கொட்டகைக்குள் பிற்பகல் மூன்று மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் தென்பகுதியில் நடந்த ஓர் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்பிய பேருந்து ஒன்று, சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்னும் ஊருக்கு அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து மூவர் மாண்டார்கள். அவர்களில் ஓர் இளைஞனுக்கு வயது 18. முன்சக்கரத்தின் டயர் செயலிழந்ததே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த டயரின் வயது 19 ஆண்டுகளுக்கும் மேல். இறந்த இளைஞனைவிட அந்த டயர் மூத்தது. அத்தனை பழைய டயரைப் பேருந்தின் முன்சக்கரத்தில் ஓட்டக்கூடாது என்று அன்றைக்கு அந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் பள்ளத்தின் ஆழத்தைக் கேட்டது, வயதைக் கேட்கவில்லை.

அந்த 18 வயது மகனை இழந்த தாய் ஓயவில்லை. ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளின் கதவைத் தட்டினார். நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார். வேறொரு தாய்க்கு இந்த நிலை வரக்கூடாது என்று மன்றாடினார். கடைசியில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. லாரிகள், பேருந்துகள் ஆகியவற்றின் முன்அச்சிலும், சிற்றுந்துகளின் ஒற்றைச் சக்கரங்கள் அனைத்திலும், 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களைப் பயன்படுத்துவது அங்கே தடைசெய்யப்பட்டது. தன் மகன் இனித் திரும்பமாட்டான் என்று அறிந்தும், பிறருடைய பிள்ளைகளுக்காக எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் போராடினார் என்பதை நினைக்கும்போது என் உள்ளம் நெகிழ்கிறது.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. வணிகத்துக்குப் பயன்படாத, 40 ஆண்டுகளைக் கடந்த பழங்கால வண்டிகளுக்கு அது பொருந்தாது. தனியார் கார்களை அது தொடவே இல்லை. மேலும், 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 ஆண்டு வயதுடைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனையிலிருந்தும் அங்கே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பேணுகிறவர்கள், அவற்றைச் சிறிது தூரமே ஓட்டுகிறவர்கள் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்த நம்பிக்கை ஓரளவு நியாயமானதுதான். ஆனால் சட்டம் மௌனமாகிவிடும் இடத்தில் மனச்சாட்சி பேசவேண்டியிருக்கிறது. கேட்பார் இல்லை என்பதனாலேயே நம்முடைய பொறுப்பு இரட்டிப்பாகிறது.

விலையுயர்ந்த அரிய வண்டிகளுக்கும் இது பொருந்தும். 2013-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில், நடிகர் பால் வாக்கரும் அவருடைய நண்பரும் ஒரு போர்ஷே கரேரா ஜிடி காரில் செல்கையில் விபத்துக்குள்ளாகி இறந்தனர். சேகரிப்பாளர்கள் போற்றும் கார் அது. மணிக்கு 45 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் அது 80 மைலுக்கும் மேலான வேகத்தில் சென்றதே காரணம் என்று விசாரணை அதிகாரிகள் அறிவித்தார்கள். அதோடு, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழைமையானவை என்பதையும், அது வண்டியின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் குறிப்பிட்டார்கள். முதற்பழி வேகத்தின்மேல்தான். ஆயினும் அத்தனை விலையுள்ள ஒரு காரிலும் டயரின் வயதை எளிதில் மறந்துவிட முடிகிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இனி நமக்கு அருகில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். கடந்த ஆண்டு நம் சபையின் மூத்தவர் ஒருவர், தம் பேத்தியின் திருமணத்துக்காகத் தம்முடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். 1961 முதல் நம் மதராஸிலேயே உருவாகிவந்த கார் அது. மணப்பெண் பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத் ஆலயத்துக்கு அந்தக் காரிலேயே வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. திருமணமோ மே மாதம். வீட்டுக்குச் சென்றிருந்த என்னைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, துணியை விலக்கிக் காட்டினார். பால்வெள்ளை வண்ணம் பூசப்பட்டு, வண்டி புதுமணப்பெண்ணைப் போலவே நின்றது. அப்போது அங்கே வேலை செய்துகொண்டிருந்த பழைய மெக்கானிக் ஒருவர், தரையில் ஒருக்களித்துப் படுத்து, டயரின் உட்பக்கத்தில் கைவிளக்கைப் பிடித்து எதையோ வாசித்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, இந்த டயர் ரெண்டாயிரத்து நாலு" என்றார்.

"அதனால் என்ன? ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே. பட்டனைப் பாரும்" என்றார் மூத்தவர்.

மெக்கானிக் மறுமொழி சொல்லவில்லை. என்னை அழைத்து அந்த இடத்தைக் காட்டினார். நீள்வட்டக் கட்டத்துக்குள் 3104 என்னும் நான்கு இலக்கங்கள் இருந்தன. முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பன என்று விளக்கினார். 2004-ஆம் ஆண்டின் முப்பத்தோராவது வாரம், அதாவது ஜூலை மாத இறுதி. பின்பு ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, காற்றை இறக்கி, பக்கச்சுவரைக் கட்டைவிரல்களால் அழுத்தி வளைத்தார். மேலே மெல்லிய கோடுகளாகத் தெரிந்தவை வாய் பிளந்தன. ஒரு பிளவின் அடியில் நூல் தெரிந்தது.

மூத்தவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்பு என்னிடம், "ஐயா, இது அப்பா கடைசியாக வாங்கிப் போட்ட டயர். அடுத்த வருஷமே அவர் போய்விட்டார்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவர் தயங்கியது பணத்தைக் குறித்து அன்று. தந்தையின் கரம் கடைசியாகத் தொட்டு ஆயத்தப்படுத்திய ஒன்றை எடுத்து எறிவதற்கு அவர் உள்ளம் இடங்கொடுக்கவில்லை. அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நீங்களும் மதிப்பிட வேண்டாம். நம் வீடுகளில் எத்தனையோ பொருள்கள் அத்தகைய அன்பினாலேயே நிற்கின்றன. நான் அவரிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: "அண்ணாச்சி, அப்பா இன்றைக்கு இருந்து, தம் கொள்ளுப்பேத்தியை இந்த வண்டியில் ஏற்றி அனுப்பவேண்டும் என்றால், எந்த டயரைப் போடுவார்?"

அவர் சிரித்தார்; கண்கள் கலங்கியிருந்தன. "அவர் ஆஸ்பத்திரி வண்டிக்கே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவாரே" என்றார். அந்த வாரமே ஐந்து டயர்களும் ஐந்து டியூப்களும் புதிதாக வாங்கப்பட்டன. பழைய டயர்களில் ஒன்றை மட்டும் கொட்டகையின் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். மற்ற நான்கையும், யாரும் எடுத்து மீண்டும் வண்டியில் போட்டுவிடாதபடி, மெக்கானிக் பக்கச்சுவரை அறுத்துவிட்டே கொண்டுபோனார். திருமணம் இனிதே நடந்தது. பழைய டயரோடு போயிருந்தால் வண்டி நிச்சயம் விபத்துக்குள்ளாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவேளை பத்திரமாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் நான்கு பேர் அமர்ந்து, மே மாத நண்பகலில், கொதிக்கும் தார்ச்சாலையில் செல்லும் வண்டியை அந்த 'ஒருவேளை'யின்மேல் ஏற்றி அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

சேகரிப்பாளர்களிடையே இதே தயக்கம் வேறொரு வடிவிலும் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலையிலேயே வண்டி இருக்கவேண்டும் என்பதைச் சில கண்காட்சிகள் பெரிதாக மதிக்கின்றன. அங்கே அசல் டயருக்குத் தனிப் பெருமை உண்டு. அதனால் சிலர் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய டயர்களைக்கூடக் கழற்ற மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். மேல்நாடுகளில் அறிவுள்ள உரிமையாளர்கள் இதற்கு எளிய வழி ஒன்று கண்டிருக்கிறார்கள். இரண்டு தொகுதிச் சக்கரங்களை வைத்துக்கொள்வார்கள். அசல் டயர்கள் கண்காட்சி அரங்கில் நிற்பதற்கு. புதிய டயர்கள் சாலையில் ஓடுவதற்கு. பழைய அளவிலும் பழைய தோற்றத்திலும் புதிய டயர்களைச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள கோக்கர் டயர் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. மிஷலின், பிரெல்லி போன்ற பெரிய நிறுவனங்களும் பழங்கால கார்களுக்கென்று தனி வரிசை டயர்களை வைத்திருக்கின்றன. ஆகவே தோற்றத்தைக் காப்பதற்காக உயிரைப் பணயம் வைக்கவேண்டிய தேவை இன்று இல்லை.

மேலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இன்றைய காரில் ஒரு டயர் வெடித்தால், தவறைத் தாங்கிக்கொள்ளப் பல காப்புகள் இருக்கின்றன: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், இருக்கைவார், காற்றுப்பை, மோதலின் வேகத்தை உள்வாங்கும்படி அமைந்த முன்பகுதி. 1960-களின் கார்களில் இவை பெரும்பாலும் இல்லை. அக்காலத்து வண்டியையும் சாலையையும் இணைப்பவை, உள்ளங்கை அகலமேயுள்ள நான்கு ரப்பர்த் தடங்கள் மட்டுமே. பின்னால் வேறு காவல் இல்லாத இடத்தில், முன்னால் நிற்கும் காவலனைக் குறித்து எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்!

ஆகையால், வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பானவர்கள் கவனிக்கவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, டயரின் பிறந்த நாளை வாசித்துப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். வெளிப்பக்கத்தில் காணாவிட்டால் உட்பக்கத்தில் தேடுங்கள். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்கவேண்டும், பத்து ஆண்டுகள் ஆனால் தோற்றம் எப்படியிருந்தாலும் மாற்றவேண்டும் என்று மிஷலின் நிறுவனம் அறிவுரை கூறுகிறது. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டுகளிலேயே மாற்றச் சொல்லுகின்றன. நம் ஊர் வெயிலுக்கு முந்தியே மாற்றுவது நலம்.

இரண்டாவது, ஸ்டெப்னியை மறவாதிருங்கள். வண்டியிலேயே மிக மூத்த டயர் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஒருநாளும் ஓடாததால் புதியது என்று எண்ணுகிறோம். பஞ்சரான இரவில், அவசரத்தில், ஆராயாமல் அதையே மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகமெடுக்கிறோம்.

மூன்றாவது, புதிய டயர் வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். ஹெரால்டின் 5.20-13, ஃபியட்டின் 5.20-14, அம்பாசிடரின் 5.90-15 போன்ற பழைய அளவுகள் மெதுவாகவே விற்பனையாகும். கடையின் அலமாரியிலேயே ஆண்டுகள் சில கழிந்த டயரைப் புதியது என்று நம்பி வாங்கிவிடாதிருங்கள். காகிதம் சுற்றியிருப்பது வயதைக் குறைக்காது.

நான்காவது, டியூப் உள்ள டயராயின் டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். அதுவும் ரப்பரே, அதுவும் மூப்படையும். பழைய ரிம்மின் உட்பக்கத்துத் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசிய பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள். துருவின் கூர்முனை புதிய டியூபையும் கிழிக்கும்.

ஐந்தாவது, ரேடியல் டயரையும் பழைய வகை நைலான் டயரையும் ஒரே அச்சில் கலந்து போடாதிருங்கள். முன்னால் ரேடியலும் பின்னால் நைலானுமாகப் போடுவதும் ஆபத்தானது. வளைவில் வண்டியின் பின்பகுதி வழுக்கிப்போகும். நான்கும் ஒரே வகையாக இருப்பதே நல்லது.

ஆறாவது, வண்டி நிற்கும் காலத்திலும் டயரைப் பேணுங்கள். சரியான அளவு காற்று இருக்கட்டும். வெயில் நேராகப் படாதிருக்கட்டும். வெல்டிங் வேலையும் மின்மோட்டாரும் ஓசோனை உண்டாக்கும். அவற்றின் அருகே நிறுத்தவேண்டாம். நெடுங்காலம் நிறுத்துவதானால் வண்டியைத் தாங்கிகளின்மேல் உயர்த்தி வையுங்கள். இல்லையேல் மாதத்தில் சிலமுறையாவது சிறிது தூரம் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் கீழ்ப்பகுதி தட்டையாகிவிடும். மண்ணெண்ணெயையோ டீசலையோ துணியில் நனைத்து டயரைக் கருப்பாக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பளபளப்பு வரும், ரப்பர் கெடும்.

பிரியமானவர்களே, உங்களில் பலருக்குப் பழங்காலக் கார் இல்லை என்பதை அறிவேன். ஆனால் வெளிநாட்டில் வேலைபார்க்கும் மகன் வாங்கிவைத்துவிட்டுப்போன கார் உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கவில்லையா? அவன் விடுமுறைக்கு வரும் அந்த ஒரு மாதம் மட்டுமே அது ஓடுகிறது. எட்டு ஆண்டுகளில் பதினையாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையோடு சொல்லுகிறீர்கள். விமான நிலையத்திலிருந்து பேரப்பிள்ளைகளை நள்ளிரவில் அழைத்து வருவதும் அந்த வண்டியிலேதான். அதன் டயர்களும் அசையாமல் நின்றே மூப்படைந்திருக்கின்றன. ஆலயத்துக்கென்று யாரோ நன்கொடையாகத் தந்த வேன், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரின் கார், இவற்றின் நிலையும் அதுவே.

நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்கு நாம் உக்கிராணக்காரர்கள். உக்கிராணக்காரனுக்குப் பொருளின்மேல் அன்பு இருந்தால் மட்டும் போதாது. அதன் நிலையை அறிந்திருக்கவும் வேண்டும். நம் வண்டியில் ஏறி அமரும் குழந்தை டயரின் வயதைக் கேட்காது. சாலையோரத்தில் பூக்கூடையோடு நடந்துபோகும் தாய்க்கு, நம் சக்கரம் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பது தெரியாது. அவர்கள் கேட்காததை அவர்களுக்காக நாம்தான் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதில், கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியின் அருகே குனிந்து, ஐந்து டயர்களிலும் உள்ள அந்த நான்கு இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசிக்க இயலாத முதியவர்கள் பக்கத்து வீட்டு வாலிபனை அழைத்துக்கொள்ளுங்கள். நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன், அவர்கள் மனமுவந்து வருவார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, உங்கள் தாளில் என்ன ஆண்டு இருந்தது என்று நான் கேட்பேன். ஆயத்தமாக வாருங்கள், பத்திரமாக வாருங்கள்.